வெள்ளத்துக்குக் காத்திருக்கும் விதை

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் ‘டெட் ஹார்ஸ் ராஞ்ச்’ என்று ஓர் ஆற்றங்கரைப் பூங்கா இருக்கிறது. செத்த குதிரைப் பண்ணை! பெயரைக் கேட்டால் பிள்ளைகுட்டிகளோடு கிளம்ப யாருக்கும் மனசு வராது. 1940களின் கடைசியில் மின்னசோட்டாவிலிருந்து பண்ணை வாங்க வந்த ஒரு குடும்பம் இந்தப் பள்ளத்தாக்கில் பல இடங்களைப் பார்த்ததாம். எது பிடித்தது என்று தகப்பனார் கேட்க, “குதிரை செத்துக் கிடந்ததே, அந்த இடம்” என்று பிள்ளைகள் சொன்னார்களாம். வாங்கிய பண்ணைக்கு அதுவே பெயராயிற்று. 1973-ல் நிலத்தை மாநில அரசுக்குக் கொடுத்தபோதும், பெயரை மாற்றக் கூடாது என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். பிள்ளைகளின் பேச்சுக்கு அந்த வீட்டில் அவ்வளவு மதிப்பு.

பீனிக்ஸ் நகரிலிருந்து வடக்கே சுமார் 160 கிலோமீட்டர். வழியெல்லாம் பாலை. கள்ளியும் முள்ளும் காய்ந்த புல்லும் செம்மண்ணும் சுண்ணாம்புக் குன்றும்தான். ஆண்டு முழுவதும் சேர்த்தே ஏறத்தாழ 300 மில்லிமீட்டர் மழை. கோடையில் வெயில் 40 பாகையைத் தாண்டும் நாட்கள் உண்டு. இப்படிப்பட்ட நிலத்தின் நடுவே, மேட்டிலிருந்து பார்க்கும்போது, வளைந்து வளைந்து போகும் ஒரு பச்சைக் கோடு தெரிகிறது. வெர்டே ஆறு. அதன் இரு கரையிலும் முப்பது மீட்டர் வரை உயரும் காட்டன்வுட் மரங்கள். இந்தக் கோட்டுக்கு வெளியே இருபதடி தள்ளி நின்றால் தலையில் நெருப்பு. உள்ளே கால் வைத்தால் ஈரக் காற்று. அமெரிக்க மேற்குப் பாலை நிலத்தில் இப்படிப்பட்ட ஆற்றங்கரைக் காடுகள் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் அங்குள்ள பறவைகளிலும் விலங்குகளிலும் பெரும்பாலானவை வாழ்நாளில் ஏதோ ஒரு கட்டத்தில் இந்த நிழலுக்கு வந்தே ஆகவேண்டும்.

பூங்காவில் செய்வதற்கு என்ன இருக்கிறது என்று கேட்டால், பெரிதாக ஒன்றுமில்லை. அதுதான் அதன் அழகு. மூன்று சிறு ஏரிகள் உண்டு, தூண்டில் போடலாம். கயாக் படகில் ஏறி ஆற்றோடு போகலாம். மரக் குடிலிலோ கூடாரத்திலோ தங்கலாம். செடோனா ஊர் வரை போகும் பழைய சுண்ணாம்புக் காளவாய்ப் பாதையில் நடக்கலாம், மிதிவண்டி ஓட்டலாம், குதிரையிலும் போகலாம். பெருங்கூட்டமெல்லாம் கிராண்ட் கேன்யனுக்கும் செடோனாவின் செம்பாறைகளுக்கும் போய்விடுகிறது. இங்கே வருகிறவர்கள் மரத்தடியில் நாற்காலியை விரித்து உட்கார்ந்துவிடுகிறார்கள். அப்படி உட்கார்கிறவர் தலைக்கு மேலே நடப்பதைக் கவனித்தால், கிராண்ட் கேன்யனைவிடப் பெரிய அதிசயம் ஒன்று அங்கே நடந்துகொண்டிருப்பதைக் காணலாம். என் கட்சி இது. கேன்யன் பிரியர்கள் மன்னிக்கவும்.

முதலில் தண்ணீர். மழையில்லாத இடத்தில் ஆண்டெல்லாம் ஓடும் ஆறு எப்படி வந்தது? வரைபடத்தில் வெர்டே தொடங்குவதாகக் காட்டும் இடம் சல்லிவன் ஏரி. போய்ப் பார்த்தால் பெரும்பாலும் அது வண்டல் மேவிய வறண்ட குட்டை. அங்கிருந்து சிறிது தூரம் கீழே, பாறை இடுக்குகளிலிருந்து சத்தமில்லாமல் ஊற்றுகள் கசிந்து ஆறாகின்றன. அந்த ஊற்று நீரில் பெரும்பகுதி மேற்கே உள்ள பிக் சீனோ பள்ளத்தாக்கின் நிலத்தடியிலிருந்து வருகிறது. என்றோ மலையில் பெய்த மழையும் உருகிய பனியும் மண்ணுக்குள் இறங்கி, பாறைக்குள் தங்கி, தன் பொழுதில் வெளியே வருகின்றன. மேகம் இல்லாத ஜூன் மாதத்தில் ஆற்றில் கால் நனைக்கிறவரின் பாதத்தைத் தொடுவது முன்னொரு காலத்து மழை.

எவ்வளவு முன்னால் என்று யோசிக்க வைக்கும் இடம் ஒன்றும் பக்கத்திலேயே இருக்கிறது. பூங்காவிலிருந்து காரில் அரைமணிக்குச் சற்றுக் கூடுதலாகப் போனால் மான்டசூமா கிணறு. சுண்ணாம்புப் பாறை உள்வாங்கி உண்டான வட்டமான பெரும் பள்ளம், நூறு மீட்டருக்கு மேல் அகலம். அடியிலிருந்து நாள்தோறும் ஐம்பது லட்சம் லிட்டருக்கும் மேல் தண்ணீர் ஊறி, பாறைப் பிளவு வழியே வெளியேறி, ஓடையில் கலந்து, பூங்காவுக்குக் கீழே வெர்டேயில் சேர்கிறது. அந்த நீர் வடக்கே மொகயோன் மலை விளிம்பில் பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன் மழையாகவும் பனியாகவும் விழுந்தது என்று கணித்திருக்கிறார்கள். கரியமில வாயு மிகுந்திருப்பதால் அதில் மீன் வாழாது. மீன் இல்லாத இடத்தை அட்டையும் இறாலின் தூரத்துச் சொந்தமான ஒரு குட்டி உயிரும் பிடித்துக்கொண்டன. உலகில் வேறெங்கும் இல்லாத உயிரினங்கள் அவை. பகலில் அடியில் பதுங்கியிருக்கும் அட்டை, இரவில் நீந்தி எழுந்து, கும்மிருட்டில் நீரின் அதிர்வை மட்டும் உணர்ந்து அந்தக் குட்டி உயிரை வேட்டையாடுகிறது. ஒரு பள்ளத்துத் தண்ணீருக்கென்றே தனியாக ஒரு வேடனையும் ஓர் இரையையும் வடித்து வைத்த கை எது என்று நினைத்தால் கைகூப்பத்தான் தோன்றுகிறது.

மரத்துக்கு வருகிறேன். சொல்ல வந்ததே மரத்தைப் பற்றித்தான்.

ஃப்ரீமாண்ட் காட்டன்வுட்டில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. வசந்தம் பிறந்ததும் பெண் மரங்களில் பச்சை மணிகளாகக் காய்கள் தொங்கும். ஏப்ரலை ஒட்டி அவை வெடிக்கும்போது காடெங்கும் பஞ்சு பறக்கிறது. ஒவ்வொரு பஞ்சுப் பிசிறிலும் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஒரு விதை. ஒரு பெரிய மரம் ஒரு பருவத்தில் கோடிக்கணக்கில் இப்படி அனுப்புகிறது. பாதையில், கூடாரத்தின் மேல், காப்பிக் கோப்பைக்குள் எங்கும் பஞ்சு. தும்மல்காரர்கள் அந்த வாரங்களில் இந்தப் பக்கம் வராமல் இருப்பது நல்லது.

இந்த விதையின் ஜாதகத்தைப் பார்த்தால் பிழைக்கவே வாய்ப்பில்லாதது என்று எவரும் சொல்லிவிடுவார்கள். புளியங்கொட்டை போலப் பெட்டியில் போட்டு வைத்தாலும் ஆண்டுக்கணக்கில் உயிரோடிருக்கும் விதை அல்ல இது. ஆயுள் சில வாரங்கள்தான். உள்ளே சேமித்த சாப்பாடும் இல்லை. ஈரம் பட்டால் ஓரிரு நாளில் முளைத்துவிடும், ஆனால் எங்கே வேண்டுமானாலும் முளைத்துவிட முடியாது. புல் இருந்தால் தோற்றுப்போகும். நிழல் இருந்தால் செத்துப்போகும். தாய் மரத்தின் அடியில் பிள்ளைக்கு இடமில்லை. நூறாண்டு நின்ற தோப்புக்குள் போய்த் தேடினாலும் ஒரு கன்றுகூடக் கிடைக்காது. அதற்கு வேண்டியது வெறும் மண், முழு வெயில், விடாத ஈரம். மூன்றும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், அந்தச் சில வாரங்களுக்குள் அமைய வேண்டும். பாலைவனத்தில் வெயிலுக்குக் குறைவில்லை. ஆனால் வெயிலும் ஈரமும் ஒன்றாக எங்கே கிடைக்கும்?

வெள்ளம் வடிந்த கரையில் கிடைக்கும்.

குளிர்காலப் புயல்கள் மலைகளில் மழையையும் பனியையும் கொட்டுகின்றன. ஜனவரியிலிருந்து மார்ச் வரை வெர்டே கரைபுரள்கிறது. அந்த நாட்களில் ஆற்றைப் பார்க்கிறவருக்கு அது அழிவாகத்தான் தெரியும். மரங்கள் வேரோடு சாய்கின்றன, புதர்கள் அடித்துச் செல்லப்படுகின்றன, கரை இடிந்து விழுகிறது. வெள்ளம் செய்கிற வேலையை ஒவ்வொன்றாக எண்ணிப் பாருங்கள்: புல்லையும் புதரையும் துடைத்து வெறும் மண்ணாக்குகிறது, நிழலை நீக்குகிறது, கரையில் படிந்த உப்பைக் கழுவுகிறது, புது வண்டலைப் பரப்புகிறது, அந்த வண்டலை ஆழம் வரை நனைக்கிறது. எல்லாம் முடிந்து நீர் மெல்ல வடியத் தொடங்கும் வேளையில் மேலே காய்கள் வெடிக்கின்றன. பஞ்சு பறந்து நீரில் விழுகிறது, ஓரத்தில் ஒதுங்குகிறது, நேற்றுவரை தண்ணீருக்கு அடியில் இருந்த சேற்றில் இன்று விதை உட்கார்கிறது. அழித்தது என்று நாம் நினைத்த வெள்ளம் தொட்டில் கட்டிவிட்டுப் போயிருக்கிறது.

இதற்கு மேல்தான் நுணுக்கம். ஆற்றின் நீர்மட்டம் இறங்க இறங்க மண்ணுக்குள் உள்ள ஈரமும் கீழே போகிறது. முளைத்த கன்று அதைத் துரத்திக்கொண்டு வேரை இறக்குகிறது. வெளியே தெரிவது இரண்டு மூன்று சின்ன இலை. உயிரெல்லாம் கீழ்நோக்கி ஓடும் வேரில்தான் இருக்கிறது. கனடாவின் லெத்பிரிட்ஜ் நகரைச் சேர்ந்த ஆய்வாளர்கள் ஸ்டீவர்ட் ரூட்டும் ஜான் மஹோனியும் 1998-ல் இதற்கு ஒரு கணக்கு சொன்னார்கள். நீர்மட்டம் ஒரு நாளைக்கு ஏறத்தாழ இரண்டரை சென்டிமீட்டர் வரை இறங்கினால் வேர் எட்டிப் பிடித்துவிடும். அதைவிட வேகமாக இறங்கினால் ஈரம் கைநழுவும், கன்று கருகும். விதை விழுந்த இடம் மிக உயரமாக இருந்தால் தாகத்தில் சாகும். மிகத் தாழ்வாக இருந்தால் அடுத்த வெள்ளத்தில் போகும். நடுவே ஒரு குறுகிய பட்டை, அதற்குள் ஒரு குறுகிய காலம். அதில் விழுந்த விதைக்குத்தான் வாழ்வு. முதல் பருவத்துக்குள் பிழைத்த கன்றின் வேர் அரை மீட்டருக்கும் கீழே போயிருக்கும்.

விரல் நீளத்தில் பாதிகூட வளராத ஒரு முளைக்கும், மலையிலிருந்து வடியும் ஒரு முழு ஆற்றுக்கும் ஒரே தாளம். இரண்டரை சென்டிமீட்டர். ஆறு அவ்வளவு இறங்குகிறது, வேர் அவ்வளவு இறங்குகிறது. பல லட்சம் ஆண்டுகள் ஆறும் மரமும் ஒன்றையொன்று பழகிப் பழகி இந்த ஒப்பந்தத்துக்கு வந்தன என்று அறிவியல் சொல்கிறது. நான் மறுக்கவில்லை. அப்படிப் பழகக்கூடிய உலகத்தைப் படைத்தவனின் பொறுமையை நினைத்துத்தான் எனக்கு மலைப்பு. ஒரே நாளில் செய்து வைத்திருந்தால்கூட இவ்வளவு வியந்திருக்க மாட்டேன்.

எல்லா ஆண்டும் இது வாய்ப்பதில்லை. ஐந்து அல்லது பத்து ஆண்டுக்கு ஒருமுறைதான் எல்லாம் கூடிவரும். அதனால்தான் கரையோரத்தில் காட்டன்வுட் மரங்கள் ஒரே வயதுக்காரர்களாக வரிசை வரிசையாக நிற்கின்றன. ஒரு வரிசை ஒரு வெள்ளம். 1993 குளிர்காலத்தில் அரிசோனா ஆறுகளில் பெருவெள்ளம் வந்தது. வெர்டேயின் கீழ்ப்பகுதியில் நொடிக்கு 3000 கனமீட்டருக்கும் மேல் தண்ணீர் போயிற்று, பாலங்களும் சாலைகளும் உடைந்தன. அந்த மாநிலத்தின் பல ஆற்றங்கரைகளில் இன்று நிழல் தரும் இளந்தோப்புகள் அந்த வெள்ளத்தின் பிள்ளைகள். வில்லோ மரங்களும் இந்த முறையில்தான் முளைக்கின்றன, ஆனால் சில வாரம் தாமதமாக. அதற்குள் நீர் இன்னும் இறங்கியிருப்பதால் அவற்றின் இடம் நீருக்கு இன்னும் பக்கம். நம் மேற்கு மலைத்தொடர் ஓடைகளில் நிற்கும் ஆற்றுப்பாலை இந்த வில்லோவின் சொந்தக்காரன்தான்.

கன்று மரமானபின் இலையைப் பாருங்கள். காற்றே இல்லை என்று நாம் நினைக்கும் மதியத்திலும் காட்டன்வுட் இலை சலசலத்துக்கொண்டே இருக்கும். அரசமரத்தடியில் வளர்ந்தவர்களுக்கு அந்த ஓசை கேட்ட ஓசை. நீண்ட காம்பு, அதுவும் பக்கவாட்டில் தட்டையானது, ஆகவே இலை நிலையாக நிற்க முடியாது. பாலை வெயிலில் அகலமான இலையை வைத்துக்கொண்டு எப்படிப் பிழைக்கிறது என்றால், வேர் ஆற்றோரத்து நிலத்தடி நீரில் இருக்கிறது, மரம் அதை இறைத்து இலை வழியே ஆவியாக்கிக்கொண்டே இருக்கிறது. கடும் வெப்ப அலையின்போதும் இலையின் சூடு சுற்றியுள்ள காற்றின் சூட்டைவிடச் சில பாகை குறைவாக இருப்பதை அளந்திருக்கிறார்கள். அடியில் உட்கார்ந்தவருக்குக் கிடைக்கும் குளிர்ச்சி நிழலால் மட்டும் வந்ததல்ல. அதற்காக மரம் நாள் முழுக்க நீரை இறைக்கிறது. குடிப்பதற்கு நீர் இருக்கும்வரைதான் இந்தத் தாராளம். நிலத்தடி நீர் சில மீட்டர் கீழே போனாலே உச்சிக் கிளைகள் பட்டுப்போகத் தொடங்கும்.

இந்த நிழலை நம்பி வருகிறவர்கள் பட்டியல் பெரிது. மார்ச்சில் மெக்சிகோ பக்கத்திலிருந்து கரும்பருந்து வந்து மரக்கிளையில் கூடு கட்டுகிறது. நீர்நாய் உண்டு. இந்த மண்ணில் அது அற்றுப்போகும் நிலைக்கு வந்த பிறகு, 1980களின் தொடக்கத்தில் லூசியானாவிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள், நன்றாகவே பெருகிவிட்டது. பீவர் என்னும் விலங்கும் உண்டு. 1820களில் தோலுக்காக வேட்டைக்காரர்கள் வாரிக்கொண்டு போனதற்கு மிஞ்சியவற்றின் வம்சம். பெருவெள்ளம் அணையை நிற்கவிடாது என்பதால் இங்கே பல பீவர்கள் கரையைக் குடைந்து குடியிருக்கின்றன. காட்டன்வுட்டைக் கடித்துச் சாய்த்தாலும் அடிமரத்திலிருந்து மறுபடி துளிர் கிளம்பிவிடும்.

ஒரு பறவையைப் பற்றி மட்டும் சற்று விரித்துச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மஞ்சள் அலகுக் குயில். தென் அமெரிக்காவில் குளிர்காலத்தைக் கழித்துவிட்டு, கோடை மழை தொடங்கும் சமயம் பார்த்து இந்தக் காடுகளுக்கு வருகிறது. நம் குயிலைப் போலக் காக்கை கூட்டை நம்பியிருப்பதல்ல, பெரும்பாலும் தன் கூட்டைத் தானே கட்டும். மழையோடு கம்பளிப்புழுவும் சில்வண்டும் பெருகும் நாட்கள் கொஞ்சம்தான். அதற்குள் பிள்ளையை ஆளாக்க வேண்டும். முட்டையை அடைகாக்கத் தொடங்கிய நாளிலிருந்து குஞ்சு கூட்டை விட்டு வெளியேறும் வரை பதினேழு நாட்களே ஆகின்றன. குஞ்சின் உடம்பெல்லாம் முதலில் இறகுகள் உறைக்குள்ளேயே முட்களாக நீட்டிக்கொண்டிருக்கும். பிறகு ஒரு நாள் அந்த உறைகள் எல்லாம் வெடிக்கும். இரண்டே மணி நேரத்தில் முள்ளம்பன்றியாக இருந்தது பறவையாகிவிடும். ஆற்றங்கரைக் காடுகள் அழிந்ததால் மேற்கு அமெரிக்காவில் இந்தக் குயிலின் எண்ணிக்கை குறைந்து, 2014-ல் அதை அச்சுறுத்தலுக்கு உள்ளான இனமாக அரசு அறிவித்தது.

காடு ஏன் அழிந்தது? பல இடங்களில் கோடரியால் அல்ல. ஆற்றின் தாளம் மாறியதால். வெர்டேயில் பூங்காவுக்கு மேலே பெரிய அணை எதுவும் இல்லை. அந்த ஆற்றின் இரண்டு பெரிய அணைகளும் வெகு கீழே, பீனிக்ஸ் பக்கம் இருக்கின்றன. அதனால் இங்கே வெள்ளம் இன்னும் தன் காலத்தில் வருகிறது, தன் போக்கில் வடிகிறது. அண்டையில் உள்ள கொலராடோ ஆற்றின் கதை வேறு. 1930களில் ஹூவர் அணை எழுந்தபிறகு கீழே வசந்த வெள்ளம் நின்றுபோனது. விதை பறந்த வேளையில் வெறும் சேறு இல்லை. சேறு இருந்தபோது விதை இல்லை. கிழவர்களான மரங்கள் ஒவ்வொன்றாகச் சாய, இடத்தைப் பிடித்தது டாமரிஸ்க் என்னும் அயல் புதர். கோடை முழுக்க விதை விடும் அதற்கு எந்த மாதத்துத் தண்ணீரும் சரி. பலரும் அதைத் திட்டுவார்கள். எனக்கு அந்தப் புதர் மேல் கோபமில்லை. கதவைத் திறந்துவிட்டவர்கள் நாம்தானே.

2014 மார்ச்சிலிருந்து மே வரை அமெரிக்காவும் மெக்சிகோவும் உடன்பட்டு, கொலராடோவின் வறண்ட கழிமுகத்துக்கு எட்டு வாரங்கள் தண்ணீர் விட்டன. சுமார் 13 கோடி கனமீட்டர். முதலில் பெருக்கி, பிறகு மெல்லக் குறைத்தார்கள், விதை பறக்கும் காலத்தைக் கணக்கிட்டே. மணலாய்க் கிடந்த ஆற்றில் நீர் ஓடியதைப் பார்க்க அக்கம்பக்கத்து ஊர்ச்சனம் முழுவதும் திரண்டு வந்து ஆடிப்பாடியது. பல ஆண்டுகளுக்குப் பின் ஆறு கடலைத் தொட்டது. கரையில் காட்டன்வுட்டும் வில்லோவும் முளைத்தன. நெவாடா பாலையின் ட்ரக்கி ஆற்றில் இதற்கு முன்பே, ஓர் அரிய மீனின் பொருட்டு வசந்தத்தில் நீர் விட்டபோது, யாரும் நடாமலே காட்டன்வுட் கன்றுகள் கிளம்பியிருந்தன. தாளத்தைத் திருப்பிக் கொடுத்ததும் விதைக்கு நினைவு வந்துவிட்டது.

வெர்டேக்கு வேறு கவலை. மேலே வளரும் நகரங்களுக்குப் பிக் சீனோவின் நிலத்தடி நீர் மேல் கண். குழாய் போட்டு எடுக்கும் திட்டங்கள் பல ஆண்டுகளாகப் பேச்சில் உள்ளன. ஊற்று சுருங்கினால் வெள்ளம் வந்தும் பயனில்லை, வேர் துரத்திப் போக ஈரம் இருக்காது.

பூங்காவுக்கு எதிரே குன்றின் மேல் டுசிகூட் தெரிகிறது. சினாகுவா மக்கள் 1100களிலிருந்து ஏறத்தாழ 1400 வரை கல்லடுக்கிக் கட்டி வாழ்ந்த ஊர், நூற்றுக்கும் மேல் அறைகள். கீழே ஆற்று வண்டலில் சோளமும் பீன்ஸும் பூசணியும் பயிரிட்டார்கள். வீட்டைக் குன்றில் வைத்து வயலை வெள்ளத்துக்கு விட்டுக்கொடுத்திருக்கிறார்கள் பாருங்கள். பின்னாளில் இந்தப் பள்ளத்தாக்கு யாவபாய், அப்பாச்சி மக்களின் வீடாக இருந்தது. 1875-ன் குளிர்காலத்தில் ராணுவம் அவர்களை இங்கிருந்து கிளப்பி, 290 கிலோமீட்டர் தள்ளிச் சான் கார்லோஸுக்கு நடத்திச் சென்றது. பொங்கிய ஆறுகளைக் கடந்து போன அந்த நடையில் நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். எஞ்சியவர்கள் கால் நூற்றாண்டு கழித்துத் திரும்பி வந்தார்கள். யாவபாய்–அப்பாச்சி மக்கள் இன்றும் இங்கேதான் இருக்கிறார்கள், ஆண்டுதோறும் பிப்ரவரியில் அந்த நடையை நினைவுகூர்கிறார்கள்.

போக நினைப்பவர்கள் ஏப்ரலில் போங்கள். ஜூன் வெயில் கொடியது, ஜூலை முதல் செப்டம்பர் வரை மாலை இடிமழைக்கு ஆறு திடீரென்று ஏறும். காலையில் ஆற்றோரம் இறங்கும்போது, தண்ணீர் வடிந்து இன்னும் காயாத சேற்றில் குனிந்து பாருங்கள். பாசி படர்ந்ததோ என்று சந்தேகப்படும் அளவுக்கு நெருக்கமாக, அரிசி முனையளவு பச்சை இலைகள் தெரியும். அவைதான். கயாக்கை அந்த இடத்தில் கரையேற்றாமல், கொஞ்சம் தள்ளிக் கூழாங்கல் கிடக்கும் பக்கமாக இழுத்து விடுங்கள்.